மரோமா மலையில் பதினோராவது ஆள்: ஒரு வியாழக்கிழமை நடையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தெற்கு ஸ்பெயினில், மலாகா மாகாணத்தின் கடலோர ஊர்களில் வசிக்கும் நண்பர்கள் சிலர் வியாழக்கிழமைதோறும் மலையில் நடக்கிறோம். இது பதிவு செய்த மன்றம் அல்ல. தலைவர், செயலாளர், சந்தா எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பாதையைச் சொல்வார், வருகிறவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போடுவார்கள், அவ்வளவுதான் ஏற்பாடு. பாதையைச் சொன்னவரே அன்றைக்கு முன்னால் நடப்பார். ஸ்பானியர்கள், ஆங்கிலேயர்கள், ஒரு நெதர்லாந்துத் தம்பதி எனப் பல நாட்டவர். பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். வயது 58-லிருந்து 74 வரை.

ஒன்பது ஆண்டுகளில் எங்களுக்கு நேர்ந்த பெரிய விபத்துகள் இரண்டே. ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. இன்னொரு முறை, பைன் மரங்களிலிருந்து பிப்ரவரி, மார்ச்சில் வரிசையாக இறங்கிவரும் கம்பளிப்புழுக்களை ஒரு நாய் மோந்து பார்த்து நாக்கு வீங்கிக் கால்நடை மருத்துவரிடம் போனது. ஒன்பது ஆண்டுகள் ஒன்றும் நடக்காமல் போனதைத்தான் இந்த நிகழ்வின் முதல் காரணமாக நான் வைப்பேன். எங்களோடு பழகியவர்கள் இதை மறுக்கிறார்கள். மறுக்கட்டும்.

இந்தக் குறிப்பை எழுதும் நான் அன்று காலை முழுவதும், யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கடைசி ஆளாக நடந்தவன். பிற்பகலில் அப்படி நடக்கவில்லை. அதுதான் இங்கே எழுத வேண்டிய விஷயம்.

மலையும் பாதையும்

அந்த வாரத்துக்கு முன்மொழியப்பட்டது மரோமா. மலாகா மாகாணத்தின் மிக உயரமான சிகரம். 2,060 மீட்டருக்குச் சற்று மேல். மலாகாவும் கிரானாடாவும் எல்லை பிரித்துக்கொள்ளும் தெஹேதா மலைத்தொடரில் இருக்கிறது. 'தெஹோ' என்றால் யூ மரம்; மலைத்தொடரின் பெயரே அதிலிருந்துதான். 'மரோமா' என்றால் தடித்த கயிறு. உச்சியில் உள்ள ஆழமான பிலத்துக்குள் கயிறு கட்டி இறங்கிப் பனிக்கட்டி எடுத்துவந்த காலத்தின் நினைவு அது என்பார்கள். குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன்பு இந்த மலைப்பனி கோவேறு கழுதைகளின் முதுகில் கீழே உள்ள ஊர்களுக்குப் போயிருக்கிறது.

உச்சிக்குப் பல பக்கங்களிலிருந்தும் பாதைகள் உண்டு. நாங்கள் தேர்ந்தது வடக்குச் சரிவில் எல் ரொப்ளெதால் என்ற ஓக் மரக் காட்டிலிருந்து ஏறும் வழி. ஏறக்குறைய 7 கிலோமீட்டர், ஏற்றம் 1,000 மீட்டர் அளவு. ஏற நான்கு மணி நேரம் பிடிக்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மரோமாவின் உச்சி கூர்முனை அல்ல. சுண்ணாம்புக் கற்கள் சிதறிய அகலமான மொட்டை வெளி அது. வழிகாட்ட மரமில்லை, தேய்ந்த தடமும் பல இடங்களில் இல்லை. முன்னால் போனவர்கள் அடுக்கிவைத்த சிறு கல்குவியல்களைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். எல்லாப் பாதைகளுக்கும் அதே மாதிரிக் கல்குவியல்தான். எந்தக் குவியல் எந்த ஊருக்கு வழி காட்டுகிறது என்பது கல்லைப் பார்த்தால் தெரியாது.

காலை

அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிறார்கள். நாங்கள் போனது அதற்கு அடுத்த வியாழன். முந்தைய வாரம் மாலை ஏழரை வரை வெளிச்சம் இருந்தது. அந்த வாரம் ஆறு இருபதுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

எட்டரைக்கு வெந்தாஸ் தே சஃபராயா என்ற ஊரின் காபிக் கடையில் கூடினோம். வறுத்த ரொட்டியின் மேல் துருவிய தக்காளியும் ஆலிவ் எண்ணெயும், கூடவே பால் காபி. இது எங்கள் குழுவின் சடங்கு. நடையைவிட இதற்காக வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஒன்பதே காலுக்கு நடை தொடங்குவதாகத் திட்டம். தொடங்கும்போது பத்து மணி ஐந்து நிமிடம்.

மொத்தம் பதினொரு பேர். பத்துப் பேர் வழக்கமானவர்கள். பதினோராவது ஆள், குழுவில் ஒருவரின் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நண்பர், 69 வயது. வாரத்துக்கு இரண்டு நாள் நீச்சல் அடிப்பவர், நல்ல உடற்கட்டு. அவரை விருந்தினர் என்றே குறிப்பிடுகிறேன். வண்டியிலிருந்து இறங்கியதும் எல்லோரும் அவரோடு கைகுலுக்கினோம். அவருடைய கைப்பேசி எண்ணை யாரும் வாங்கவில்லை.

முதல் ஒரு மணி நேர ஏற்றத்தில் கொந்ததேரோ என்றோர் இடம் வருகிறது. எண்ணும் இடம் என்று பொருள். மேய்ப்பர்கள் ஆடுகளைக் குறுகலான இடத்தில் ஒவ்வொன்றாக விட்டு எண்ணிக்கொண்டதால் வந்த பெயர். எங்களில் ஒரு ஸ்பானியர் இதை விருந்தினருக்கு விளக்கினார். ஒருவர் ஆடு மாதிரிக் கத்திக் காட்ட, எல்லோரும் சிரித்துக்கொண்டே அந்த இடத்தைக் கடந்தோம். நாங்கள் எண்ணவில்லை.

சால்தோ தெல் கபாயோ என்ற முகட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு மணி. உச்சியைத் தொட்டபோது இரண்டு மணி ஐந்து நிமிடம். ஒன்றரைக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று ஒரு பழைய வாய்மொழி விதி எங்களுக்கு உண்டு. ஒன்றரைக்கு உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. விருந்தினர் முதல் முறையாக வந்திருக்கிறார். அரை மணி நேரம்தானே என்று போனோம். முன்னால் நடந்தவர் மட்டும் ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். இருவரும் பேசவில்லை.

மேகம்

அந்த வாரம் கிழக்கிலிருந்து வீசும் ஈரக் காற்று, இங்கே லெவாந்தே என்பார்கள், இரண்டு நாளாக அடித்துக்கொண்டிருந்தது. கடல் பக்கத்துச் சரிவில் மேகம் சேர்ந்து மேலே ஏறும். உச்சியில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தபோது, இரண்டரை மணி வாக்கில், தெற்கு விளிம்பில் வெள்ளையாக ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது. பத்து நிமிடத்தில் உச்சியில் உள்ள நில அளவைத் தூணைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. முப்பதடி தொலைவில் நின்றவர் நிழலாகத் தெரிந்தார்.

இரண்டே முக்காலுக்கு இறங்கத் தொடங்கினோம். முன்னால் நடந்தவரின் கையில் ஜிபிஎஸ் கருவி இருந்தது. பாதையில் அவர் ஒரு கணமும் தடுமாறவில்லை. வழி தவறியது குழு அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். பனி எடுத்த பிலத்தை மேகத்துக்குள் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று நான் ஒதுங்கியிருந்தேன். திரும்பி வந்து வரிசையில் சேர்ந்தபோது நடுவில் சேர்ந்தேன். எனக்குப் பின்னால் நெதர்லாந்துக்காரர் வந்தார். "கொஞ்ச நேரம் பின்னால் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன். "சரி" என்றார். அவருக்கு வலது காதில் செவிக்கருவி. காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தது. பின்னால் மேகம் எப்படி வருகிறது பாருங்கள் என்று நான் சொன்னதாக அவர் நினைத்திருக்கிறார். திரும்பிப் பார்த்தார், தலையாட்டினார், நடந்தார். அந்தக் கணத்திலிருந்து எங்கள் வரிசைக்குக் கடைசி ஆள் என்று ஒருவரும் இல்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விருந்தினர் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார். குதிகாலில் கொப்புளம். "போய்க்கொண்டே இருங்கள், வந்துவிடுகிறேன்" என்று அருகில் சென்ற நெதர்லாந்துக்காரரின் மனைவியிடம் சொன்னார். கணவர் பின்னால் வருகிறார், அவரோடு சேர்ந்து வந்துவிடுவார் என்று அந்த அம்மாள் நினைத்தார். கணவர் அப்போது அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டிக் காலணியைக் கட்ட ஏழெட்டு நிமிடம் ஆனதாகப் பின்னர் அவர் சொன்னார். எழுந்தபோது குரல் எதுவும் கேட்கவில்லை. ஒரு கல்குவியல் தெரிந்தது. அதை நோக்கி நடந்தார். அங்கிருந்து அடுத்தது தெரிந்தது. ஒழுங்காகத்தான் நடந்தார். ஆனால் அந்தக் குவியல்கள் தென்மேற்கே கனியாஸ் தே அசெய்துனோ ஊருக்கு இறங்கும் பாதையுடையவை.

எண்ணிக்கை

சால்தோ தெல் கபாயோவுக்கு இறங்கும்போது நான்கு மணி. அங்கே மேகம் இல்லை, மஞ்சள் வெயில். ஒருவர் பொட்டலத்தைப் பிரித்துச் சாக்லேட்டை உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். கடைசியில் ஒரு துண்டு மிஞ்சியது. "யாருக்கு இன்னும் வரவில்லை?" என்று அவர் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த சில நிமிடங்கள் உபயோகமற்றவை. யார் கடைசியாகப் பார்த்தது என்பதற்கு நான்கு பதில்கள் வந்தன. பல பேர் அடித்தால் பாம்பு சாகாது என்பது இதற்கும் பொருந்தும்: பத்துப் பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதனால் ஒருவரும் பார்க்கவில்லை. அவரை அழைத்துவந்த நண்பர் கைப்பேசியில் அழைத்தார்; இணைப்புக் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள் ஒற்றைக் குறியோடு நின்றன.

எடுத்த முடிவுகள்

எல்லோரும் திரும்பி ஏறுவது என்ற யோசனையை முன்னால் நடந்தவர் உடனே தள்ளிவிட்டார். அது சரி. பதினொரு பேரில் தலையில் மாட்டும் டார்ச் இருந்தது நான்கு பேரிடம் மட்டும். இரண்டு பேருக்கு முழங்கால் வலி தொடங்கியிருந்தது. இருட்டில் பத்துப் பேரை மலைமேல் வைத்திருந்தால் காணாமல் போகக்கூடியவர் ஒருவர் அல்ல.

மூன்றாகப் பிரிந்தோம். ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவரும் நானும் விசில், கூடுதல் மேலாடை, இரண்டு டார்ச்சுகளோடு மேலே போவது. விருந்தினரின் நண்பரும் இன்னொருவரும் ஒரு டார்ச்சோடு அதே முகட்டில் அசையாமல் நிற்பது. அவர் தானே வந்தால் பார்க்க ஆள் வேண்டும். மீதி ஆறு பேர் கடைசி டார்ச்சோடு வெளிச்சத்திலேயே வண்டிக்கு இறங்குவது. மேலே போகும் இருவரும் ஐந்து இருபதுக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்று செவிலியர் நிபந்தனை போட்டார். மதியம் மீறிய அதே மாதிரி விதி.

தவறிய முடிவு ஒன்று உண்டு. அந்த முகட்டில் சிக்னல் இல்லை. ஆனால் இருநூறு மீட்டர் தள்ளி நின்றால் கிடைக்கும் என்பது முன்பு வந்தவர்களுக்குத் தெரியும். அங்கே போய் அவசர உதவிக்கான 112-ஐ அழைத்தது நான்கு முப்பத்தைந்துக்கு. முப்பத்தைந்து நிமிடம் தாமதம். ஐந்து நிமிடத்தில் அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்துவிட்டால் நம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் காரணம். அழைத்தபின் வேண்டாம் என்று சொல்ல இன்னொரு அழைப்பே போதும். வெட்கம்தான் தடுத்தது.

மறுமுனையில் பேசியவர் நிதானமாகக் கேட்டார். கடைசியாகப் பார்த்த இடம்? வயது? நோய், மருந்து? கைப்பேசி எண்? குடும்பப்பெயர்? மேலாடையின் நிறம்? எண்ணும் குடும்பப்பெயரும் அவருடைய நண்பருக்கு மட்டுமே தெரியும். மேலாடைக்கு மூன்று பேர் மூன்று நிறம் சொன்னார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் உடன் நடந்த மனிதரின் சட்டை பச்சையா நீலமா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. (சாம்பல் நிறம்.) விவரங்கள் சிவில் காவல் படையின் மலை மீட்புப் பிரிவுக்குப் போயின.

மேலே போன எங்கள் இருவரின் கதை சுருக்கமானது. ஐந்து மணிக்கு மறுபடி மேகத்துக்குள் நுழைந்தோம். நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்பது, மறுபடி ஆறு. மலையில் அபாய அறிவிப்பு ஆறு, அதற்குப் பதில் மூன்று. காற்றைத் தவிர எதுவும் கேட்கவில்லை. ஐந்து இருபதுக்கு மொட்டை வெளியின் விளிம்பு கொஞ்சம் மேலே தெரிந்தது. இன்னும் பத்து நிமிடம் என்றேன். செவிலியர் பதில் சொல்லவில்லை. முதுகுப்பையின் வாரை இறுக்கிக்கொண்டு கீழ்நோக்கித் திரும்பி நின்றார். நானும் திரும்பினேன். அன்று நான் செய்தவற்றில் மனத்துக்கு மிகவும் கசந்தது அது. இப்போது யோசித்தால் அன்றைய மிகச் சரியான முடிவும் அதுதான். முகட்டுக்கு வந்தபோது ஆறு பத்து. காத்திருந்த இருவரையும் கூட்டிக்கொண்டு வண்டிக்கு வந்தபோது ஏழு முப்பத்தைந்து. கடைசி ஒரு மணி நேரம் டார்ச் வெளிச்சத்தில் ஓக் இலைகள் ஈரமாக வழுக்கின.

மறுபக்கத்தில் நடந்தது

விருந்தினர் ஒரு மணி நேரம் இறங்கியபின், காலையில் இந்தப் பாறையைப் பார்க்கவில்லையே என்று சந்தேகப்பட்டிருக்கிறார். ஆனாலும் நடந்தார். ஐந்து மணிக்குச் சரிவு செங்குத்தானபோது நின்றுவிட்டார். காற்று படாத ஒரு பாறையின் இடுக்கில் முதுகுப்பையின் மேல் உட்கார்ந்து, இருந்த துணி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டார். கையில் பாதாம் ஒரு பிடி, உலர்ந்த அத்தி நான்கு, அரை லிட்டர் தண்ணீர். மீட்புக் குழுவினர் பின்னர் சொன்னது: நின்றதுதான் அவரைக் காப்பாற்றியது.

அவருடைய முதுகுப்பையின் மார்பு வாரில் உள்ள கொக்கியிலேயே ஒரு விசில் உண்டு. பல பைகளில் அப்படித்தான் வருகிறது. அவர் பதினைந்து நாளாக அந்தக் கொக்கியைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். அது விசில் என்று தெரியாது.

கைப்பேசி கிடைக்காததன் காரணமும் மலை அல்ல. காலையில் சிக்னல் இல்லாததால் பேட்டரி வீணாகக் கூடாதென்று அதை விமானப் பயன்முறையில் போட்டு, அப்படியே மறந்துவிட்டார். ஆறு நாற்பதுக்கு மேகம் கிழிந்தபோது கீழே ஊர்களின் விளக்குகளும் அவற்றுக்கப்பால் கடலின் கருமையும் தெரிந்தன. ஏறிய பக்கத்தில் கடல் தெரியவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. கைப்பேசியை எடுத்தார். அப்போதுதான் நினைவு வந்து இணைப்பைப் போட்டார். தவறிய அழைப்புகளும் செய்திகளும் வரிசையாக வந்து விழுந்தன.

112-ஐ அவரே அழைத்தார். இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். அசையாதீர்கள், கைப்பேசியைச் சட்டைக்குள் வையுங்கள், அரை மணிக்கு ஒருமுறை நாங்களே அழைக்கிறோம் என்றார்கள். இருட்டாலும் மேகத்தாலும் ஹெலிகாப்டர் வர முடியாது. மீட்புக் குழுவினர் இருவர் தெற்கிலிருந்து நடந்தே ஏறி ஒன்பதரைக்கு அவரை அடைந்தார்கள். நடுக்கமும் கொப்புளமும் தவிர வேறு குறையில்லை. சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்து, நடுவில் ஒருவராக அவரை வைத்துக்கொண்டு மெதுவாக இறக்கினார்கள். கனியாஸ் தே அசெய்துனோவுக்கு அவர்கள் வந்தபோது நள்ளிரவு தாண்டி அரை மணி. மலையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்த நாங்கள் நான்கு பேர் அங்கே நின்றோம். அவர் முதலில் சொன்னது: "உங்கள் எல்லோருடைய நாளையும் கெடுத்துவிட்டேன்."

பிறகு

மறு வாரம் நடக்கப் போகவில்லை. ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசினோம். முன்னால் நடந்தவர் எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் அவரைத் தேற்றினார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. அவர் பாதையைச் சரியாகக் காட்டினார். இடத்தைக் கைமாற்றியதாக நினைத்துக்கொண்டு விட்டவன் நான்.

விருந்தினரிடம் தொலைபேசியில் கேட்டபோது, கொப்புளம் உச்சிக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றார். விருந்தாளியாக வந்துவிட்டு எல்லோரையும் நிறுத்துவதா என்று சொல்லவில்லையாம். மதியம் கடிகாரத்தைப் பார்த்தவர் பேசாததும், நான் பேசாததும், 112-ஐத் தள்ளிப் போட்டதும் இதே வகை. சம்பளம் வாங்கும் வழிகாட்டி ஒருவர் இருந்திருந்தால் "உங்கள் காலைக் காட்டுங்கள்" என்று கேட்டிருப்பார். நண்பர்களுக்கு நடுவில் ஒருவருக்கொருவர் தொந்தரவு கொடுக்காமலிருப்பதே மரியாதை என்று ஒன்பது ஆண்டுகளாகப் பழகியிருந்தோம்.

மாற்றியவை

கடைசி ஆளுக்கு இப்போது ஒரு மஞ்சள் ஒளிரும் மேலங்கி. ஸ்பெயினில் ஒவ்வொரு காரிலும் ஒன்று இருக்கும், சட்டம், அதனால் செலவில்லை. போட்டிருப்பவர்தான் கடைசி ஆள். இடம் மாற்ற வேண்டுமானால் கழற்றி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும்; வாய்ப்பேச்சு செல்லாது. இது நிலைத்துவிட்டது. புதிதாக வருகிறவரின் எண்ணும் முழுப்பெயரும் புறப்படும் முன்பே எல்லோருக்கும் போகிறது. தொடங்கும் இடத்தில் அனைவரையும் ஒரு படம் எடுக்கிறோம், மேலாடையின் நிறத்துக்காக. பையில் டார்ச் இல்லாதவர் அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. அந்த மாதங்களில் காபி, நடைக்குப் பிறகு. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது.

இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து நடக்க மாட்டோம் என்றார்கள். பேச்சுத் துணை மாறிக்கொண்டே இருந்தது. அதற்குப் பதிலாகப் பாதை பிரியும் இடங்களில் நின்று எண்ணுகிறோம்.

ஏப்ரலில் மறுபடி மரோமாவுக்குப் போனோம். கொந்ததேரோவில் நின்று எண்ணினோம், ஒன்பது பேர். அன்று ஒருவரும் ஆடு மாதிரிக் கத்தவில்லை. நல்ல வெயில், மேகமே இல்லை. ஆனால் பாதையில் பனி மிச்சமிருந்து நடை தாமதமாகி, ஒன்றரைக்கு உச்சியின் தூண் தெரியும் இடத்தில்தான் இருந்தோம். செவிலியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வாய்விட்டுச் சொன்னார். திரும்பினோம். இரண்டு பேர் வீடு வந்து சேரும்வரை காரில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.